வானத்தில் ஒரு வெள்ளைத் திட்டு

காலை மணி 8.40.

முதலாளி போட்ட அலறலில், மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த பூதக்கண்ணாடிக்குக் கால் தடுக்கியது. விழுந்தடித்துக்கொண்டு ஓடிப் போய்ப் பார்த்தாள்.

இரும்பு அலமாரி திறந்திருந்தது. மேஜைமேல் பழுப்புக் கோப்பு விரிந்து கிடந்தது. உள்ளே இருபத்திரண்டு தாள்கள். அத்தனையும் வெறும் வெள்ளை. பேருக்கு ஒரு கோடுகூட இல்லை.

முதலாளி ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படமெல்லாம் மனசு மாறித் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"முந்நூறாவது இதழும்மா! ஒரு மணிக்கு அச்சகத்து வண்டி வந்து நிக்கும். எதைத் தூக்கிக் குடுப்பேன்?"

பன்னிரண்டு வருடங்களுக்கு மேலாக மாதம் இருமுறை வரும் சித்திரக்கதை 'இடிப்படை'. ஏழு கமாண்டோக்கள். எதிரி, 'கருநகம்' என்ற பயங்கரவாத இயக்கம். பாலம் வெடிக்கும், ஹெலிகாப்டர் எரியும், குண்டு மழை கொட்டும். ஏழு பேரில் ஒருத்தனுக்கும் ஒன்றும் ஆகாது. இதழ் முடியும்போது ஏழு பேரும் புகைக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வருவார்கள்.

பூதக்கண்ணாடிக்கு அங்கே பிழை பார்க்கும் வேலை. முதல் கட்டத்தில் இடது தோளில் தொங்கிய துப்பாக்கி, அடுத்த கட்டத்தில் வலது தோளுக்குத் தாவினால் கப்பென்று பிடித்துவிடுவாள். அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. ஓவியர் பென்சிலில் போடும் படங்களுக்கு மை போடுபவன் அவன்.

8.55.

அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று முதலாளியிடம், மற்றது தம்பியிடம். இன்று எட்டு மணிக்கே வந்து ஆபீசைத் திறந்தவனும் அவன்தான். முதலாளி அவன் பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கொட்டினார். டிபன் டப்பா, ஓடுவதற்கான ஷூ, துண்டு. கடைசியாக, பாதியாக மடித்த ஒரு தடித்த தாள்.

பத்தொன்பதாம் பக்கம்.

"அக்கா! சத்தியமா நான் எடுக்கலைக்கா!"



"அடப்பாவி, மிச்ச இருபத்தொண்ணு எங்கேடா?" முதலாளி தாளை விரித்தார். "இதையும் பாழாக்கி வெச்சிருக்கான் பாரு! கறுப்பு வானத்துல வெள்ளையா ஒரு திட்டு! இரு, போலீசைக் கூப்பிடறேன்."

"சார், வேணாம் சார்! நாளைக்குக் காலைல அவன் ரயில் ஏறணும்."

தம்பிக்கு ராணுவத்தில் சேர உத்தரவு வந்திருந்தது. இரண்டு வருடம் விடிகாலையில் ஓடி ஓடி வாங்கிய உத்தரவு. போலீஸ் கேஸ் எதுவும் இருந்தால் உத்தரவு ரத்து என்று அதிலேயே போட்டிருக்கிறது. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ததும், அவனோடு வரிசையில் நின்றதும் அக்காதான். அது அவன் கையை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா நிற்க முடியுமா?

"பத்தரை வரைக்கும் டைம் தர்றேன்," என்றார் முதலாளி. "உன் முகத்துக்காக."

9.10.

பத்தொன்பதாம் பக்கத்தை அவள் தன் மேஜையில் விரித்து வைத்தாள். ராத்திரித் தாக்குதல். தாளின் மேல்பாதி முழுக்கக் கறுப்பு வானம். கீழ்ப்பாதியில் இடிப்படைத் தளபதி. நேற்று ஐந்து மணிக்கு அவள் குறித்துக் கொடுத்த பிழை இதில்தான்: தளபதியின் கடிகாரம் தப்பான கையில் இருந்தது. இப்போது திருத்தியிருந்தார்கள். வலது மணிக்கட்டின் மேல் வெள்ளை பெயிண்ட் பூசி, கடிகாரத்தை இடது கையில் போட்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை. நடுவில் பிய்ந்து, பழைய கடிகாரத்தின் முள் எட்டிப் பார்த்தது.

9.20.

"நேத்து கோப்பு எத்தனை மணிக்கு உங்க கைக்கு வந்தது சார்?"

"ஆறு. கேப்டன் கொண்டுவந்தார்."

"பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"நாடா கட்டினப்புறம் நம்ம ஆபீசுல யாரு பிரிச்சிருக்கா? மை கலைஞ்சிடாதா? ஓரத்துல எண்ணினேன். இருபத்திரண்டு இருந்துச்சு. பூட்டிட்டேன்."

"அப்போ தம்பி எங்கே இருந்தான்?"

"அஞ்சேகால்லேர்ந்து என் எதிர்லதான். பட்டாளத்துல எப்படி நடந்துக்கணும்னு புத்தி சொல்லிட்டிருந்தேன். கொட்டாவி விட்டான்."

"அப்புறம்?"

"சேர்ந்துதான் கிளம்பினோம். பஸ் ஏத்தியே விட்டேன். காலைல அரை மணி நேரம் தனியா இருந்தானே, அது போதாதா?"

9.35.

கேப்டன் என்றால் ஓவியர். பட்டாளத்துப் பக்கமே போகாதவர். நிமிர்ந்த முதுகுக்கும் முறுக்கிய மீசைக்கும் கிடைத்த பெயர் அது. பட்டாளத்தில் இருந்தவன் அவருடைய மகன். இடிப்படையின் வயர்லெஸ்காரனுக்கு அவர் போட்டதும் மகனுடைய முகத்தைத்தான்.

"திருத்தமெல்லாம் எப்போ முடிச்சீங்க சார்?"

"அஞ்சரைக்கு. மூணே மூணுதானே."

"காயவெச்சுத்தான் கட்டினீங்களா?"

"இத்தனை வருஷத்துல ஈரத்தோட கட்டியிருக்கேனா? நல்லாக் காஞ்சப்புறம்தான் கட்டினேன். அப்படியே கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

"நடுவுல யாராவது உள்ளே வந்தாங்களா?"

"தாழ்ப்பாள் போட்டிருந்தேன்."

"தம்பியோட பை?"

"வெளியில ஆணியில தொங்கிச்சு. எப்பவும் அங்கேதானே மாட்டுவான்."

அவள் எழுந்தாள். வாசலில் நின்று, "பையன் எப்படி இருக்கான் சார்? லெட்டரைப் படிச்சுக் காட்டி நாளாச்சே," என்றாள்.

"இருக்கான்."

"நம்ம வயர்லெஸ்காரனும் நாலு இதழா முதுகையே காட்டிட்டு நிக்கிறான்."

"சண்டையில நின்னு போஸ் குடுப்பானா?" கேப்டன் ஏற்கெனவே சுத்தமாக இருந்த தூரிகையை மறுபடியும் கழுவத் தொடங்கினார்.

9.50.

இரண்டு துண்டுத் தாள்களில் அவள் வெள்ளை பெயிண்ட் பூசினாள். ஒன்றை உடனே மடித்தாள். மற்றதைக் கால் மணி நேரம் காயவிட்டு மடித்தாள். இரண்டையும் பிரித்துப் பார்த்தாள். இந்த மனிதரா? தம்பிக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனிதரா?

10.25.

முதலாளியின் கை போன்மேல் இருந்தது. தம்பி சுவரோடு ஒட்டி நின்றான். கேப்டன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வானத்துல இருக்கிற இந்தத் திட்டை எல்லாரும் பார்த்தோம்," என்றாள் பூதக்கண்ணாடி. "அழுக்குன்னு விட்டுட்டோம். இப்போ பாருங்க." தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "திட்டு எங்கே போய் உட்காருது? தளபதியோட மணிக்கட்டு மேல. அங்கே பிய்ஞ்ச பெயிண்ட்தான் வானத்துல ஒட்டியிருக்கு."

"ஒட்டினா என்ன இப்போ?"

"காஞ்ச பெயிண்ட் ஒட்டாது சார். மடிச்சா வெடிக்கும், அவ்வளவுதான். இப்போதான் செஞ்சு பார்த்தேன். அலமாரியிலேர்ந்து காலைல திருடியிருந்தா, பெயிண்ட் ராத்திரி பூராக் காஞ்சிருக்கும். ஆனா இந்தப் பக்கத்தை ஈரத்தோட மடிச்சிருக்காங்க. அதாவது நேத்து, திருத்தம் போட்ட சில நிமிஷத்துக்குள்ள. அப்போ தம்பி உங்க எதிர்ல கொட்டாவி விட்டுட்டிருந்தான். தாழ்ப்பாள் போட்ட ரூமுக்குள்ள இருந்தவர் ஒரே ஒருத்தர்."

முதலாளியின் கை போனிலிருந்து வழுக்கியது.

"நீங்க பூட்டினது வெறும் தாளைத்தான் சார். படங்கள் அலமாரிக்கு வரவே இல்லை. நாடா கட்டினா பிரிக்க மாட்டோம்னு நல்லாத் தெரிஞ்சவர் செஞ்ச வேலை இது." அவள் கேப்டன் பக்கம் திரும்பினாள். "ஏன் கேப்டன் சார்? என் தம்பி உங்களுக்கு என்ன துரோகம் பண்ணினான்?"

கேப்டன் எழுந்து தன் அறைக்குப் போனார். வரைபலகையை அப்படியே தூக்கி வந்து, அதன்மேல் குத்தியிருந்த பழுப்புத் தாளை உரித்தார். அடியில் இருபத்தொரு பக்கங்கள் பத்திரமாக இருந்தன.

"கிழிச்சுப் போட மனசு வரலை," என்றார். பிறகு, "என் பையன் போய் ரெண்டு மாசமாச்சும்மா."

யாருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்தபோது முதலாளி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சொந்தக்காரங்க கல்யாணம்னு நாலு நாள் லீவு போட்டேனே, அது அதுக்குத்தான். வெளியில சொல்ல முடியலை. சொல்லிட்டா நெசமாயிடுமோன்னு பயம். அவன் நான் வரைஞ்சதைப் படிச்சே வளர்ந்தவன். 'நீ கவலைப்படாதேப்பா, ஏழு பேரும் எப்பவும் திரும்பி வந்துடறாங்கல்ல'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனான்."

"கேப்டன்... ஐயோ, கேப்டன்..." என்றார் முதலாளி.

"போன வாரம் இவன் வந்து உத்தரவைக் காட்டினான். அதே சிரிப்பு. ஒரு கேஸ் இருந்தாலும் உத்தரவு போயிடும் சார்னு இவன்தான் விவரம் சொன்னான். திருட்டுப் பட்டத்தோடயாவது உயிரோட இருக்கட்டும்னு நினைச்சேன்." அவர் பூதக்கண்ணாடியைப் பார்த்தார். "நீ கண்டுபிடிச்சிட்டே."

அவளுக்குக் காலையிலிருந்து எதற்காக அலைந்தோம் என்பதே ஒரு நிமிடம் மறந்துபோனது.

10.40.

தம்பி குனிந்து, தரையில் கிடந்த ஷூவையும் டப்பாவையும் பொறுக்கிப் பைக்குள் போட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேப்டனின் தோளைத் தொட்டான். பிறகு அக்காவிடம் திரும்பினான்.

"இனிமே கேஸ் இல்லைல்லக்கா? நாளைக்கு ரயிலுக்குப் போகலாம்ல?"

அவள் அவனைப் பார்த்தாள். ஷூவின் நாடா அவிழ்ந்து பைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"சார்," என்றாள் முதலாளியிடம். "அந்தப் போனை எடுங்க."

"எதுக்கும்மா? பாவம், கேப்டன் மேலயா கேஸ் குடுக்கச் சொல்றே?"

"கேப்டன் மேல இல்ல சார். என் தம்பி மேல."