காது அசைக்காத கடா

தகரக் குவளையில் இருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

ஸோயெல் குவளையைக் கவிழ்த்துப் பார்த்தான். விளிம்பில் ஒரே ஒரு சொட்டு தொங்கியது. இணை சேரும் பருவத்தில், மூஸ் என்னும் பெரிய காட்டுமானின் பெண் குளத்தில் நின்று சிறுநீர் விடுகிற சத்தம் கேட்டால் காட்டின் எந்த மூலையில் இருந்தாலும் ஆண் மூஸான கடா வந்துவிடும். அதற்காகத்தான் நெஞ்சு உயரத்துக்குக் குவளையைத் தூக்கி, மெல்லிய தாரையாகத் தண்ணீரை ஊற்றுவது. இவன் ஊற்றி முடித்த பிறகும் அக்கரையில், மூடுபனிக்கும் நாணலுக்கும் நடுவே, அதே உயரத்திலிருந்து அதே மெல்லிய தாரையாக யாரோ ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன மச்சான், உன் தொழிலுக்குப் போட்டிக்கு ஆள் வந்துட்டான் போல?” என்றான் யூலிஸ், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யூலிஸ் அவனுடைய தங்கை தெல்ஃபீனின் புருஷன். ஸோயெல் மனம் ஒப்பி அவனோடு ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. நகரத்துப் பத்திரிகையில் அட்டைப்படம் வர வேண்டும், அதற்குக் கடாவின் முகம் வேண்டும் என்று யூலிஸ்தான் ஒரு வாரமாக நச்சரித்தான். கிளம்பும்போது தெல்ஃபீன் வாசலில் நின்று, மாவு ஒட்டிய கையால் அண்ணனின் சட்டையைப் பிடித்தாள். “அவர் யார் பேச்சும் கேக்கமாட்டார்ண்ணே. உன் பேச்சையும்தான். ஆனா முழுசா கூட்டிட்டு வந்துடு.” முழுசாகக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

அதனால் வண்டியின் இரண்டு கதவுகளையும் திறந்தே விட்டிருந்தான். ஒரு பெரிய ஊசியிலை மரத்துக்குப் பின்னால் யூலிஸை நிறுத்தி, விரலை ஆட்டிச் சொல்லியும் இருந்தான். “மாப்ளே, இந்த மரம் எப்பவும் உனக்கும் கடாவுக்கும் நடுவுல இருக்கணும். காது பின்னால படுத்து, பிடரி முடி நிமிர்ந்துச்சுன்னா படமும் வேணாம் ஒண்ணும் வேணாம், வண்டிக்கு ஓடு. குதிரையை விட உசரம் அது. மிதிச்சா எலும்பு மிஞ்சாது.”

“உன் தங்கச்சி மிதிக்காத மிதியா?”

சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. ஈர இலையின் வாடையும், கடா குழி பறித்துச் சிறுநீர் விட்டுப் புரண்டுபோன சேற்றின் காட்டமான வீச்சமும், குளத்தின் இரும்பு வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கை அடைத்தன. ஸோயெல் பூர்ச்ச மரப்பட்டைக் குழலை நனைத்து, வாயில் வைத்து, பெண் மூஸின் நீண்ட முனகலை எழுப்பினான். அது தண்ணீரின் மேல் தவழ்ந்து போய் அக்கரை மரங்களில் முட்டியது. முனகலின் முடிவில் அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

அக்கரையிலிருந்து முனகல் திரும்பி வந்தது. எதிரொலியாக இருந்தால் உடனே வந்திருக்கும். இது யோசித்துவிட்டு வந்தது. முடிவில் இருமல்.

யூலிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஸோயெலுக்கு முகம் சுட்டது. இது ஊர்க்காரக் கொவேன் சகோதரர்களின் வேலை. மனிதனைக் கண்டால் விலகுகிற மூஸ், மூஸ் தோலைக் கண்டால் நின்று பார்க்கும். அதனால் இங்கே வேட்டைக்காரர்கள் முன்னால் ஒருவன் பின்னால் ஒருவனாகத் தோலைப் போர்த்தி, கொம்பைத் தூக்கிப் பிடித்துக் கிட்டே போவார்கள். போன வருஷம் கொவேன்கள் அப்படிப் போர்த்திக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க ஸோயெலைக் குழல் ஊதவைத்தார்கள். மரம் அறுக்கும் ஆலையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

விடக்கூடாது என்று தோன்றியது. பெண் மூஸ் கெஞ்சும் குரல், மிரளும் குரல், கன்றைக் கூப்பிடும் குரல் என்று தனக்குத் தெரிந்த அத்தனையையும் ஊதினான். ஒவ்வொன்றும் திரும்பி வந்தது. கடைசிக் குரல் இவனுடையதை விட நன்றாக இருந்தது.

அப்போது வலப்பக்கம் புதர் முறிந்தது. நிஜக் கடா ஒன்று, கொம்பில் கொடி தொங்க, சேறு சொட்ட, அந்தக் குரலை நோக்கி வேகமாக வந்தது. யூலிஸின் கேமரா படபடத்தது. குளக்கரையில் அது நின்றது. அக்கரையைப் பார்த்தது. அதன் தொடை நடுங்குவது ஸோயெலுக்குத் தெரிந்தது. பிறகு திரும்பி, இவர்கள் இருப்பதையே சட்டை செய்யாமல், மரத்தை உரசிக்கொண்டு காட்டுக்குள் ஓடியது.

இந்தப் பருவத்தில் கடா எதைக் கண்டும் ஓடாது. ஸோயெல் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஆள் வாடை பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மூடுபனி கொஞ்சம் விலகியது. அக்கரையில் இன்னொரு கடா நின்றது. கொம்பு அகலமாக இருந்தது. வயிறு வரை தண்ணீர். காது அசையவில்லை. கொசு மொய்த்தும் அசையவில்லை. முதுகுத் தோல் நடுவில் தொய்ந்து, எதையோ மூடிக் கிடந்தது.

“தோல்தான்,” என்றான் ஸோயெல். பல்லைக் கடித்துக்கொண்டான். “கொவேன் பயலுகதான். போ மாப்ளே. கிட்டப் போய்த் தூக்கிப் பாத்து மூஞ்சியப் படம் எடு. நாளைக்கு ஆலை வாசல்ல ஒட்டுறேன்.”

“மரத்தை விட்டு நகராதேன்னு யாரோ சொன்னாங்களே?”

“அது மூஸுக்கு. இது கழுதைங்களுக்கு.”

யூலிஸ் இடுப்பு வரை வரும் பச்சை ரப்பர் கால்சட்டையோடு கரையைச் சுற்றிப் போனான். தண்ணீருக்குள் இறங்கி, கேமராவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தான். கடா அசையவில்லை. கிட்டே போய் அதன் பக்கவாட்டில் தட்டினான். சத்தம் ஈரமாக இருந்தது.

“வெளிய வாங்கடா!”

தோலின் ஓரத்தைத் தூக்கிக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

“மாப்ளே?”

யூலிஸ் கேமராவைத் தண்ணீரில் விட்டான். விழவில்லை, விட்டான். இன்னும் குனிந்தான். உள்ளே போனான். தோல் அவன் மேல் மெல்ல இறங்கியது.

“மாப்ளே! வெளிய வா!”

குளம் வளையம் வளையமாக அடங்கியது. ஸோயெல் கரையோரமாக ஓடினான். கால் புதைந்தது. இழுத்துக்கொண்டு ஓடினான். தெல்ஃபீனின் மாவுக் கை சட்டையை இன்னும் பிடித்திருப்பதுபோல் இருந்தது. மரத்தை விட்டுப் போகச் சொன்னது அவன். அவன் வாய்தான்.

கடா நடந்தது. கரையை நோக்கி. அவனை நோக்கி.

தண்ணீர் வயிற்றை விட்டு இறங்கியது. ஸோயெல் நின்றான்.

குளம்பு இல்லை.

கால்கள். ஆட்களின் கால்கள். இரண்டோ நான்கோ இல்லை. தோலின் அடியில் நெருக்கி நெருக்கி. முழங்கால் வரை பூட்ஸ் போட்டவை. வெறுங்கால்கள், ஊறி வெளுத்தவை. மரம் வெட்டிகள் எந்தக் காலத்திலோ போட்ட தோல் செருப்பு. எல்லாம் ஒரே அடியாக எட்டு வைத்தன. எல்லாவற்றுக்கும் பின்னால், இன்னும் தாளம் பிடிபடாமல் தடுமாறிக்கொண்டு, பச்சை ரப்பர் கால்சட்டை.

ஓட வேண்டும். வண்டிக் கதவு திறந்திருக்கிறது.

“மச்சான்.” யூலிஸின் குரல். தோலுக்குள்ளிருந்து. கேலி இல்லாமல், பிரியமாக. யூலிஸ் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. “முழுசாக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னியே. வா. வந்து கூட்டிட்டுப் போ.”

ஸோயெல் ஒரு அடி பின்னால் வைத்தான். பிறகு நின்றான். எத்தனையோ கால்களுக்கு நடுவே அந்தப் பச்சைக் கால்சட்டை நடுங்கிக்கொண்டிருந்தது. உயிர் இருக்கிற நடுக்கம்.

“மாப்ளே,” என்றான். கையை நீட்டினான்.

கடா நின்றது. தோலின் ஓரம் தானாக உயர்ந்தது. உள்ளே பச்சைக் கால்சட்டைக்குப் பக்கத்தில், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம். அந்த இடத்தைச் சுற்றி அத்தனை கால்களும், ஒவ்வொன்றாக, நுனி அவன் பக்கம் இருக்கும்படி திரும்பிக்கொண்டன.