முப்பத்திரண்டு பவுண்டு காற்று

"தள்ளுங்க, நான் பாத்துக்கறேன்!"

தவமலர் திரும்பினாள். பெட்ரோல் எண்ணெய் நிலையத்தின் ஓரத்தில், அவள் நின்ற காற்று இயந்திரத்தை நோக்கி ஒருவன் மழையில் ஓடி வந்துகொண்டிருந்தான். தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது. சட்டையில் தைப்பிங் நகருக்கு வெளியே இருக்கும் செம்பனை எண்ணெய் ஆலையின் பெயர்.

"இந்த மழையில நீங்க எதுக்கு நனையணும்? குழாய குடுங்க."

அவள் கொடுக்கவில்லை. அவனே வாங்கிக்கொண்டான். அவளுடைய காரின் இடது பக்க முன்சக்கரத்தில் குழாயை மாட்டிவிட்டு இயந்திரத்துக்கு வந்தான். யாரோ முன்பு வைத்துவிட்டுப் போன 220 திரையில் தெரிந்தது.

"யாரோ கிறுக்கன் இருநூத்தி இருபது வச்சிருக்கான் பாருங்க! டயர் வெடிச்சிருக்கும்."

விரலால் குறைத்துக்கொண்டே வந்தான்... நூறு... ஐம்பது... முப்பத்திரண்டு.

"முப்பத்திரண்டு பவுண்டு. என்ன காடியா இருந்தாலும் இதான் கணக்கு. நான் பாய்லர்மேன்ங்க. பிரஷர்லதான் எனக்கு சாப்பாடே."

தவமலருக்குத் தெரியும். இந்த இயந்திரம் பவுண்டில் பேசாது, கிலோபாஸ்கலில்தான் பேசும். சனிக்கிழமைதோறும் அவள் இங்கேதான் காற்று போடுகிறாள். அவளுடைய குட்டிக் கஞ்சில் காருக்கு நூற்றெண்பது. முப்பத்திரண்டு என்று வைத்தால் இது ஏற்றாது... உள்ளே இருக்கிற காற்றையும் வெளியே விட்டுவிடும்.

சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அவன் ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளினான்.

இமையெல்லாம் மழைத்துளி. அதற்குள்ளே இரண்டு கண்கள்... என்னவோ பெரிய உதவி செய்துவிட்ட குழந்தையின் கண்கள். அதில் அப்படி என்ன இருந்தது என்று இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு எடுத்த எந்தப் புகைப்படத்திலும் அது விழவில்லை.

திறந்த வாய் மூடிக்கொண்டது.

"உஸ்ஸ்ஸ்" என்றது குழாய்.

"கேக்குதா? நல்லா ஏறுது" என்றான் அவன்.

'இறங்குது!' என்றது அவள் மனம். உதடு மட்டும் அசையவே இல்லை. ஏன்? இவ்வளவு நம்பிக்கையாகப் பேசுகிறவனை வெட்கப்படுத்த வேண்டாம் என்றா? இல்லை, ஐந்து மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பதாலா? பட்டர்வொர்த்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அண்ணன் சிவபாலன்தான் வருகிறவர்களுக்குக் கொடுக்க முப்பது கறிபாப் பலகாரம் வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருந்தான். பொட்டலம் பின்சீட்டில் சூடாக இருக்கிறது. மாப்பிள்ளை என்னவோ நல்லவர்தானாம். அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை... கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கும் தெரியாது.

பீப் பீப் என்றது இயந்திரம். அவன் ஓடிப்போய்ப் பின்சக்கரத்தில் மாட்டிவிட்டுக் கூரைக்குள் ஓடி வந்தான். சக்கரத்தைப் பார்க்க வேண்டியவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என் பேரு குணாளன். நீங்க?"

"தவமலர்... காடி ஏன் சாஞ்சி நிக்குது?"

குணாளன் திரும்பினான். ஒரு காலை மடக்கிக்கொண்ட மாடு மாதிரி, கஞ்சில் இடது பக்கமாகச் சரிந்து கிடந்தது.

"ஐயோ! மெசின் கெட்டுப்போச்சு போல!"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். நூற்றெண்பது என்று ஒரு வார்த்தை... நான்கு நிமிடத்தில் கிளம்பியிருக்கலாம்.

"அப்படித்தான் போல" என்றாள்.

*

கமுண்டிங்கில் கார் பட்டறை வைத்திருக்கும் ஆ சேங்கைத் தொலைபேசியில் கூப்பிட்டான் குணாளன். மழை விட்டதும் வருகிறேன் என்றார் ஆ சேங். தைப்பிங் மழை... அது எப்போது விடும்? இருவரும் கூரையின் கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவளுடைய கைப்பேசி மூன்று தரம் அடித்தது. 'டயர் போச்சு' என்று அண்ணனுக்குச் செய்தி அனுப்பிவிட்டு அதைப் பைக்குள் போட்டாள்.

"அவசர வேலையாங்க?"

"என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க. அஞ்சு மணிக்கு."

அவன் முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் எங்கோ போய்விட்டது. "மணி அஞ்சே கால் ஆச்சே!"

"ஆமா... கறிபாப் சாப்பிடுறீங்களா? ஆறிடும்."

"மாப்பிள்ளை வீட்டுக்கு வாங்குனதயா? வேணாங்க, பாவம்."

ஒன்று எடுத்தான். பிறகு இன்னொன்று. ஆறு சாப்பிட்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் 'மன்னிச்சிருங்க' என்றான். ஏழாவதை அவள் நீட்டியபோதுதான் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள்... உடனே எதற்குச் சிரித்தோம் என்று குழம்பினாள்.

ஆறே காலுக்கு ஆ சேங் வந்தார். இயந்திரத்தை ஒரு பார்வை பார்த்தார். குணாளனை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏ குணா! இது பவுண்டு இல்லலா! கிலோபாஸ்கல்! பாய்லர்மேன்னு வெளிய சொல்லாத, உன் ஆலைக்கே மானம் போயிரும்!"

நூற்றெண்பது வைத்தார். இரண்டு சக்கரமும் எழுந்து நின்றன. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு குணாளன் நின்ற நிலையை அவளால் பார்க்க முடியவில்லை.

அவன் அதோடு போயிருக்கலாம். போகவில்லை. மோட்டார் சைக்கிளில் அவள் பின்னாலேயே வீடு வரைக்கும் வந்தான். மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்து கிளம்பிப் போயிருந்தார்கள். பெண்ணுக்கு விருப்பம் இல்லை போல என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். வாசலில் நின்ற சிவபாலனிடம், "அவங்க மேல தப்பு இல்லண்ணே. எல்லாம் என்னாலதான்" என்று கையெடுத்துக் கும்பிட்டான் குணாளன்.

"உன்கிட்ட யாருய்யா உதவி கேட்டா?" என்றான் சிவபாலன்.

சன்னலுக்குப் பின்னால் நின்ற தவமலர் எல்லாவற்றையும் கேட்டாள். அப்போதும் சொல்லவில்லை.

*

மூன்று வாரம் கழித்து, அவள் வேலை செய்யும் நகல் கடைக்குள் ஒருவன் ஒரு தாளோடு நுழைந்தான்.

"இத டைப் பண்ணி, லேமினேட் போட்டு..." நிமிர்ந்தான். "நீங்களா!"

பவுண்டை கிலோபாஸ்கலாக மாற்றும் பட்டியல். இருபதிலிருந்து நாற்பது வரை அவனே கையால் எழுதியிருந்தான். எண்ணெய் நிலையக்காரரிடம் அனுமதி வாங்கிவிட்டானாம், இயந்திரத்தின் மேல் ஒட்டப்போகிறானாம்.

"இனிமே எந்தப் பொண்ணோட கல்யாணமும் நிக்கக்கூடாதுங்க."

அவள் தாளைக் குனிந்து பார்த்தாள். பார்க்காவிட்டால் கண் கலங்கியது தெரிந்துவிடும்.

"முப்பத்திரண்டுக்கு இருநூத்தி இருபத்தி நாலுன்னு போட்டிருக்கீங்க?"

"ஏழால பெருக்குனேன்."

"ஏழு இல்ல. ஆறு புள்ளி ஒன்பது சொச்சம். இருநூத்தி இருபத்தொன்னு வரும்."

"மூணு கூடுனா வெடிச்சிருமா?"

"வெடிக்காது. ஆனா தப்பு தப்புதான்."

சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதைச் சொல்ல அவளுக்கு என்ன தகுதி?

மறுவாரம் திருத்தி எடுத்து வந்தான். "காடி கதவுல இருக்கிற ஸ்டிக்கர்ல ஒன்னு புள்ளி எட்டுன்னு இருக்கும். அதையும் சேர்க்கணும்" என்றாள்.

"ஒன்னு புள்ளி எட்டா? அது எந்த ஊரு கணக்கு?"

"சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோன்னு."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அப்போ இருபத்தாறு, நூத்தி எண்பது, ஒன்னு புள்ளி எட்டு... மூணும் ஒரே காத்தா?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டவா! இதுல வேற சண்டையா? என்னால முடியலங்க. ஆலையில எங்க பழைய பாய்லர் முந்நூறு பவுண்டுன்னு ஒத்த நம்பர்ல ஓடுது. நிம்மதியான ஜென்மம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த வாரம் புள்ளி இடம் மாறியிருக்கிறது என்றாள். அதற்கடுத்த வாரம் எழுத்து சின்னது என்றாள். அதற்கும் அடுத்த வாரம் பட்டியலில் ஒரு தவறும் இல்லை... ஆனாலும் ஒன்று இருப்பதாகச் சொன்னாள். அவனும் எது என்று கேட்காமல் சரி என்று எடுத்துப்போனான்.

ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைப்பாள். அவன் வருவான், அந்தக் கண்களைப் பார்ப்பாள், நாக்கு ஒட்டிக்கொள்ளும். தெரிந்தால் இனி வருவானா? சொல்லாமல் எத்தனை நாள்? இது அன்பா, ஏமாற்றா... இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நின்று அவள் திணறினாள்.

*

நான்காவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அவன் கையில் தாள் இல்லை.

"சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். நாளைக்கு பினாங்குல இருந்து பிளேனு. சபாவுல, லகாட் டத்துல ஒரு ஆலை. ரெண்டு வருஷ ஒப்பந்தம். அங்க எல்லா பாய்லரும் புதுசு, 'பார்'னு இன்னொரு பிரஷர் கணக்குதானாம். நான் பாஸானமாதிரிதான்."

சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"ஏன் திடீர்னு?"

குணாளன் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "உங்ககிட்ட கேக்கணும்னு ஒன்னு இருந்துச்சுங்க. கேக்க முடியாது. உங்க கல்யாணத்த கெடுத்தவன் நான். நானே வந்து நின்னா, வேணும்னே செஞ்சேன்னுதான உங்க அண்ணன் நினைப்பாரு? ஊரும் அதான் சொல்லும். நான் முட்டாளுங்க... ஆனா திருடன் இல்ல. அதான் போறேன்."

கதவுப் பக்கம் திரும்பிவிட்டான். இன்னும் நாலு அடி. கடை வாசலின் அஞ்சடி நடைபாதையில் இறங்கினால் மோட்டார்.

"எனக்குத் தெரியும்!"

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"என்ன தெரியும்?"

"அந்த மெசின் கிலோபாஸ்கல்னு. நீங்க முப்பத்திரண்டு வைக்கும்போதே தெரியும். நூத்தி எண்பது வைக்கணும்னும் தெரியும். வாராவாரம் நான் அங்கதான் காத்து போடுறேன்."

அவன் கதவை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தான்.

"அந்த ஒரு மணி நேரமும்?"

"தெரியும்."

"உங்க அண்ணன்கிட்ட நான் கும்பிட்டப்போ?"

"சன்னல் பின்னால நின்னேன்."

"நாலு மாசங்க..." அவன் குரல் உடைந்தது. "நாலு மாசமா எனக்கு ஒழுங்கா தூக்கம் இல்ல. ஒரு பொண்ணு வாழ்க்கைய கெடுத்துட்டோமேன்னு... ஏன் சொல்லல?"

"மொத சக்கரத்துல உங்களுக்கு அசிங்கமா போயிருமேன்னு சொல்லல. ரெண்டாவதுல... வீட்டுக்குப் போகப் பிடிக்காம சொல்லல. அதுக்கப்புறம் சொன்னா நீங்க வரமாட்டீங்களேன்னு பயந்து சொல்லல." கண்ணீர் மேசை மேல் விழுந்தது, அவள் துடைக்கவில்லை. "என் கல்யாணத்த நீங்க கெடுக்கல. நான்தான் கெடுத்தேன். உங்கள வச்சி கெடுத்தேன். திட்டுங்க. ஆனா அந்தப் பாரத்த தூக்கிட்டு சபாவுக்குப் போகாதீங்க... எனக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு."

குணாளன் வெளியே போய்விட்டான்.

கண்ணாடி வழியாக அவன் முதுகு தெரிந்தது. மோட்டாரின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றான். ஒரு நிமிடம்... இரண்டு... சாவியை எடுத்தான். திரும்பப் பையில் போட்டான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது அவன் முகத்தில் இருந்தது கோபமா, அழுகையா, சிரிப்பா... அவளுக்குப் புரியவில்லை. அவனுக்கும் புரிந்திருக்காது.

"உங்க அண்ணன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாரு?"

"அஞ்சரைக்கு... ஏன்? என்னைக் காட்டிக்குடுக்கப் போறீங்களா?"

"பொண்ணு கேக்கப் போறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு வருஷம் எல்லாம் என்னால முடியாது. பிளேன நாளைக்கு விட்டுட்டா ஆலைக்காரன் திட்டுவான், திட்டட்டும்" என்றான் குணாளன். "ஆனா அண்ணன்கிட்ட நடந்தத நீங்கதான் சொல்லணும். நான் ஏற்கனவே ஒரு தரம் கும்பிட்டாச்சு."

"சொல்றேன்" என்றாள் தவமலர். "நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்."