மேகத்துக்குப் போன ஜன்னல்கள்

"அய்யய்யோ… காலைத் தூக்குங்க! துணி… துணி!"

மழையிலிருந்து திரைச்சீலைக் கடைக்குள் ஓடி வந்தவன் அப்படியே ஒற்றைக் காலில் நின்றான். கீழே, வெட்டுவதற்காக விரித்திருந்த வெள்ளைத் திரைத்துணி. அதன் நட்டநடுவில் ஒரு சேற்றுச் சுவடு!

"ஸாரிங்க… வாசல்லயே விரிச்சிருந்தா…"

"தரையில விரிக்காம ஆகாசத்துலயா விரிப்பாங்க?"

சண்டைக்கு நிமிர்ந்தவள் அவன் கண்களைப் பார்த்துவிட்டாள். இமை நுனியில் ஒரு மழைத்துளி… அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த வசவு அவளுக்கு மறந்தே போயிற்று. கடைத் தையல்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'கத்தரி'. வெட்ட வந்த கத்தரி பாதியில் நின்றது அன்றுதான்.

"யாரு பாப்பா அது?" உள்ளேயிருந்து கேட்டார் கடைக்காரரான அப்பா.

"கிளவுட் கம்பெனியிலிருந்து வர்றேன் சார்."

அவளால் நம்பவே முடியவில்லை. அந்த ஆளை வரச் சொன்னதே அவள்தான்! ஊரிலுள்ள வீடுகள், ஆஸ்பத்திரிகள், விடுதிகளின் ஜன்னல் அளவுகளும் துணிப் படங்களும் கடையின் ஒரே கிழட்டுக் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. அது முனக ஆரம்பித்துவிட்டது. படுத்துவிட்டால் அத்தனை ஜன்னலையும் திரும்ப அளக்க வேண்டியதுதான். அதற்குள் எல்லாவற்றையும் இன்டர்நெட் வழியாக அந்தக் கிளவுடுக்கு, அதாவது 'மேகத்துக்கு', ஏற்றிவிட வேண்டும்.

"அது சரி தம்பி, என் கடை விவரம் எவனோ ஒருத்தன் இடத்துல கிடக்கணுமா?"

"வாடகைக்கு லாக்கர் எடுக்கிற மாதிரிங்க. இடம் அவங்களது, சாவி உங்களது. இந்த மெஷின் படுத்தாலும் விவரம் பத்திரமா இருக்கும். பாப்பா எங்க நின்னாலும் போன்லயே அளவைப் பார்த்துக்கலாம்."

சொன்ன பிறகுதான் 'பாப்பா' உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் சட்டென்று திரும்பித் துணியை மடித்தாள். சிரிப்பு தெரியக் கூடாதே…

கிளம்பும்போது அவளிடம் மட்டும் சொன்னான். "உங்க நெட் லைன்ல எல்லாம் ஏறி முடிய விடிஞ்சிடும். நடுவுல நின்னா முதல்லேர்ந்துதான். கம்ப்யூட்டரை அணைக்காம போங்க."

ஆனால் அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பஞ்சும் துணியுமாக இருக்கிற கடை, ஒரு பொறி போதும். அதனால் கடையைப் பூட்டுமுன் எல்லா பிளக்கையும் தன் கையாலேயே பிடுங்குவார். காலையில் முதல் ஆளாக வந்து எல்லாவற்றையும் திரும்பச் செருகுவார். அன்று மாலையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே கம்ப்யூட்டர் பக்கம் போனார்.

'அப்பா, அதை விட்டுடுங்க' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

எல்லாம் ஏறிவிட்டால்… நாளைக்கு அவன் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவானே… அப்புறம்?

திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

மறுநாள் வந்தான். "பாதியில நின்னிருக்கு." அதற்கடுத்த நாளும் வந்தான். "மறுபடியும் நின்னிருக்கு." அவன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் டீயை வைத்துவிட்டு நின்றாள்.

"உங்க மேகத்துக்கு எங்க ஜன்னலைப் பிடிக்கலையோ?"

"மேகத்துக்குப் பிடிச்சுதான் இருக்கு… ஜன்னல்தான் போக மாட்டேங்குது."

வெளியே மழை நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. டீ ஆறிப்போனதை இருவருமே கவனிக்கவில்லை.

ஒரு காலை அப்பா பொறுமையிழந்தார். "வேலை தெரியாத ஆள அனுப்பியிருக்காங்க. உங்க ஆபீஸுக்குப் போன் பண்ணிட்டேன் தம்பி, நாளைக்கு வேற ஆள் வர்றாராம்."

அவன் முகம் வாடியது. பையை மெல்ல எடுத்தான்.

தன்னால் இன்னொருத்தர் பேர் கெடுவதா? சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால்… இந்த மனுஷன் தலைகுனிந்து போவார்.

"அப்பா… தப்பு அவர் மேல இல்ல. நீங்க தினம் பிளக்கைப் பிடுங்குறீங்க. அதான் நிக்குது."

"எனக்கெப்படிம்மா தெரியும்? யாரும் சொல்லலையே!"

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல? ஏன்?"

தடதடத்துக்கொண்டிருந்த தையல் மிஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அவள் காதுமடல் சிவந்தது. அப்பா அதைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு போனை எடுத்தார்.

"சார், நான்தான்… வேற ஆள் வேணாம். தப்பு எங்க மேலதான்."

அன்று கம்ப்யூட்டரின் பிளக்கை மட்டும் அவர் தொடவில்லை. மறுநாள் அவன் வந்தபோது எல்லா ஜன்னல்களும் பத்திரமாக மேலே போயிருந்தன. அவளுடைய போனிலேயே திறந்து காட்டினான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மின்சாரம் எப்பப் போச்சு, எப்ப வந்துச்சுன்னு மெஷின் காட்டிக்குடுத்துடும். பிளக்கைப் பிடுங்குறாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"அடப்பாவி… அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?"

"நீங்க ஏன் திறக்கல?"

"நான் முதல்ல கேட்டேன்!"

"வேலை முடிஞ்சா இங்க வர முடியாதேன்னுதான்…" என்றான், தரையைப் பார்த்தபடி.

அவள் அளவு டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"உங்க வீட்டு ஜன்னலுக்குத் திரை இருக்கா?"

"இல்லையே…"

"அளவெடுக்கணும். ஞாயித்துக்கிழமை அப்பாவையும் கூட்டிட்டு வர்றேன்."

"ஐயோ… எங்கம்மாகிட்ட என்னன்னு சொல்றது?"

"உண்மையச் சொல்லுங்க."

"எதை?"

அப்பா உள்ளே இருந்தும் அவள் குரலைத் தாழ்த்தவேயில்லை.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குன்னு."