அச்சில் விழுந்த மூக்கன்

தலவாக்கலை ஸ்டேஷனில் அன்று மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். அத்தனை பேரையும் விட்டுவிட்டு அந்த ஒருவன் கையில் இருந்த ஃபைலைத்தான் காற்று பிடுங்க வேண்டுமா?

"ஐயோ... பிடிங்க! பிடிங்களேன்!"

தாள்கள் பறந்தன. இரண்டு தாள்கள் நேராக வந்து நாகலெட்சுமியின் குடையில் ஒட்டிக்கொண்டன.

நாகலெட்சுமி, டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருத்துவிச்சி, தோட்டத்தார் வாயில் 'மிஸ்ஸி'. ரயிலில் வந்த மருந்துப் பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள். தாள்களை உரித்தெடுத்துக் கொடுப்பதற்காக நிமிர்ந்தாள்... அடேயப்பா, என்ன கண்கள்! நனைந்த இமைகளோடு எதிரே தவித்து நின்ற இளைஞனைப் பார்த்ததும் அவள் நெஞ்சு ஒரு நொடி தடுமாறியது. பொய் சொல்வானேன்?

ஆனால் அந்த ஒரு நொடியோடு சரி. அடுத்த நொடி அவள் பார்வை கையில் இருந்த தாளில் விழுந்தது.

எல்லாம் ஆங்கில டைப். நடுவில் ஓர் அட்டவணை. அதில் ஆங்கில எழுத்திலேயே 'மங்கல்' என்று ஒரு சொல்!

அது அவளுடைய சொல். மூன்று வருடமாக, மாதம் தவறாமல், இருநூற்றுப் பதினான்கு பெண்களின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து நோட்டில் எழுதி வந்தாள். சிவப்பு, மங்கல், வெளுப்பு. இரத்தம் குறைந்துகொண்டே போனாலும் கூடையை இறக்காமல் மலையேறுகிறவர்களுக்குத்தான் 'மங்கல்' என்று பேர் வைத்திருந்தாள். நான்கு மாதத்துக்கு முன் பங்களாவில் வந்து தங்கிய வெள்ளைக்கார டொக்டர், "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று அந்த நோட்டை வாங்கிக்கொண்டு போனவர்தான். திரும்பி வரவேயில்லை.

"இது என்னாங்க?"

"டொக்டர் ஹாலிடேயோட கட்டுரைங்க. லண்டனுக்குப் போகுது. நான் டைப் அடிக்கிறவன்... அழகன்னு பேரு."

"பேருக்கு மட்டும் அழகன்! செய்யிறது களவாணி வேலை."

அவன் முகம் சுண்டிப்போனது. இன்னொரு தாள் கட்டுரையின் முதல் பக்கம். மேலே இரண்டு வெள்ளைக்காரப் பெயர்கள். அதிலும் இரண்டாவது ஆள் டயகமப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி... எழுத்துக்கூட்டிப் படித்தாள், உள்ளூர் மருத்துவிச்சி ஒருத்திக்கு நன்றியாம்.

"ஏங்க, அந்த மருத்துவிச்சிக்குப் பேரு இல்லீங்களா?"

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. "நீங்களா மிஸ்ஸி அது? உங்க நோட்ட இங்கிலீசுல மாத்தினது நான்தாங்க. அந்த 'மங்கல்'லுக்கு மட்டும் எனக்குச் சொல்லு கெடைக்கல. ஆனா பேரு போடுறது என் கையில இல்லீங்க."

"மழையில நின்னு கொழுந்து எடுத்தவளுக்குப் பேரு போடலன்னா கணக்கப்பிள்ளைய எங்க பொம்பளைங்க சும்மா விடுவாங்களா? அரைப்பேரு போட்டாலே பெரட்டுக்களத்துல சண்டை நாறிப்போகும். எனக்கு அந்த அரைப்பேரு கூட இல்லீங்களே!"

ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பேர் என்றால் சும்மா பேர் இல்லை. இன்று நீ உழைத்தாய் என்பதற்கு அத்தாட்சி. பாதி உழைப்புத்தான் என்று வெட்டினால் அரைப்பேர். அழகனும் அட்டன் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயமொன்றில் பிறந்தவன்தான், அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஒரு கடிதம் எழுதித் தாங்க மிஸ்ஸி. நானே டொக்டர்கிட்ட..."

"நான் எதுக்குங்க கெஞ்சணும்? எழுதினது நான்."

தாள்களை அவன் கையில் திணித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று பஸ்ஸில் ஏறினாள். திரும்பிப் பார்க்காதேடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பார்த்தாள். அவன் மழையில் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிஸ்பென்சரி வாசலில் அதே கண்கள்.

நாகலெட்சுமிக்குச் சுர்ரென்றது. அடுத்த நோட்டையும் அனுப்பச் சொல்லி டொக்டர் முந்தின மாதம் பங்களா வழியாக ஆள் விட்டிருந்தார், அவள் முடியாது என்றிருந்தாள். "என்னாங்க, ரெண்டாவது நோட்டுக்குத் தூது வந்தீங்களோ?"

அவன் பையைத் திறந்து அவளுடைய பழைய நோட்டை மேசைமேல் வைத்தான்.

"இது உங்களோடது. உங்களக் கேக்காம இனி ஒரு வரி டைப் அடிக்க மாட்டேன்னு சொல்லிட்டேங்க."

"டொக்டர்கிட்டயா! அவரு என்னா சொன்னாரு?"

"மூஞ்சி செவந்துபோச்சு. வெராந்தாவுல ரெண்டு தடவ பைப் புடிச்சாரு. அப்புறம் உள்ள வந்து, 'அந்தப் பெண்ணின் பெயர் என்ன'ன்னு கேட்டாரு. இத்தன மாசமா அந்த மனுசனுக்கு அதக் கேக்கத் தோணலீங்க!"

"வேல போயிருந்தா?"

"போயிருக்கும்," என்றான் சாதாரணமாக.

கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மருந்துப் புட்டிகளை இடம் மாற்றி வைத்தாள்.

டயகமப் பக்கமே வராத அந்த இரண்டாவது ஆளின் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போட டொக்டர் சம்மதித்துவிட்டார். ஆனால் பேர் போடுகிறவர் கட்டுரை முழுவதையும் படித்து, சரி என்று கையெழுத்து வைக்கவேண்டுமாம். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் மருந்துப் புட்டியைத் தாண்டாது. அதனால் ஞாயிறு தோறும் அழகன் வந்தான். வரி வரியாகத் தமிழில் சொன்னான். அவள் தலையாட்டினாள், அல்லது சண்டை பிடித்தாள்.

"இந்த இடத்துல, 'அறியாமையால் இப்பெண்கள் சரியாக உண்பதில்லை'ன்னு இருக்குங்க."

"அடிச்சுப் போடுங்க! அறியாமையா? எட்டு மாசத்து வயித்தோட, வெறுங்காலோட மலையேறுற பொம்பளைக்குத் தின்ன நேரம் எங்கங்க இருக்கு? அத எழுதச் சொல்லுங்க. வெறுங்காலு வழியா ஏறி ரத்தத்த உறிஞ்சுற புழுவ எழுதச் சொல்லுங்க."

எழுதினான். டொக்டரும் ஒப்புக்கொண்டார்.

இன்னொரு நாள், "நீங்க எப்படித்தான் பாக்குறீங்க, காட்டுங்களேன்," என்று முகத்தை நீட்டினான். அவளும் ஏதோ ஞாபகத்தில் அவன் கீழ் இமையை விரலால் இழுத்தாள். "மங்கல்தான். சோறு ஒழுங்கா சாப்பிடுறீங்களா, இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள். இருநூற்றுப் பதினான்கு பேரின் கண்ணைப் பார்த்தவளுக்கு இந்தக் கண்ணைப் பார்க்க முடியவில்லை... விரல் அவன் கன்னத்தில் இருந்தது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அன்று இருவருக்கும் வேலை ஓடவில்லை.

ஏழு மாதம் கழித்து, கட்டுரை அச்சான லண்டன் மருத்துவ ஏடு வந்தது. அழகன் அதைப் பிரிக்காமலே அவள் வீட்டு லயத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். அவள்தான் பிரிக்க வேண்டுமாம்.

பிரித்தாள். தேடினாள். முகம் வாடியது.

'ஹாலிடே, ஜே. மூக்கன், என்.'

"என் பேரு எங்கங்க? மூக்கன் எங்கப்பா பேராச்சே!"

அழகன் எட்டிப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயையோ... முழுப்பேரு கேட்டிருந்தாங்க. உங்க பேர எழுதி, பக்கத்துல அப்பா பேரயும் எழுதினேன். வெள்ளைக்காரன் கடைசிப் பேரத்தான் ஆளோட பேருன்னு எடுப்பான்னு தோணலியே! எம்புட்டுப் பாடுபட்டு... நானே உங்களுக்கு அரைப்பேரு போட்டுட்டேனே!"

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த மூக்கன் கத்தியை வாசலில் சாய்த்தார். "என்னாம்மா சத்தம்?"

"அப்பா... லண்டன் புத்தகத்துல உங்க பேரு வந்திருக்குப்பா."

"எம் பேரா? நான் என்னத்தம்மா பண்ணேன்?"

இலங்கைக் குடியுரிமைக்கு இரண்டு தடவை எழுதிப் போட்ட மனிதர். பிறந்ததற்கு அத்தாட்சி இல்லை, பாட்டன் பிறந்ததற்கு அத்தாட்சி இல்லை என்று இரண்டு தடவையும் திரும்பி வந்தது. பிறந்து வளர்ந்த நாட்டில் எந்தப் புத்தகத்திலும் ஏறாத பெயர் அது.

மூக்கன் தண்ணீர்ப் பீலிக்குப் போய்க் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவினார். வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு விரலை மட்டும் மெல்ல அந்த வரிமேல் வைத்தார்.

"இதாம்மா?"

"ஆமாப்பா."

"தப்பு ஒண்ணும் இல்லியே?"

நாகலெட்சுமி அவர் விரலருகே தன் விரலையும் வைத்தாள். "இல்லப்பா. சரியாத்தான் இருக்கு."

அழகன் வெளியே போய்க் குற்றவாளி மாதிரி நின்றான். அவள் பின்னாலேயே வந்தாள்.

"திருத்தம் போடச் சொல்லி எழுதுறேங்க..."

"வேணாம். மூக்கன் மக நாகலெட்சுமி. அதுதானே நான்? அடுத்த கட்டுரையிலயும் அப்படியே இருக்கட்டும்."

"அடுத்ததா?"

"பின்ன? ரெண்டாவது நோட்டு இருக்கே. இப்பத்தான் அத உங்க கையில குடுக்கலாம்னு தோணுது."

"அப்ப ஒண்ணு கேக்கணுங்க. அதுக்குள்ள உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னா... கடைசிப் பேரு மாறிப்போகுமே?"

"என்னான்னு மாறும்?"

"அழகன்னு..." சொல்லிவிட்டு அவனே பயந்துபோனான். "ஆனா மாத்த வேணாங்க! உங்க வேலையில எம் பேரு ஏற வேணாம். அது மூக்கனாவே இருக்கட்டும். எனக்கு உங்களப் புடிச்சிருக்கு மிஸ்ஸி. ஸ்டேஷன்ல திட்டினீங்களே... அன்னையிலருந்து."

அவள் தலைகுனிந்தாள். மூக்குத்தி மினுங்கியது. சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையை அடக்குகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"மிஸ்ஸின்னு கூப்புடுற ஆளுக்கெல்லாம் நான் வாக்கப்பட மாட்டேன்."

"அப்ப... எப்படிங்க கூப்புட?"

"இந்தப் பேருக்காகத்தானே வேல போனாலும் பரவாயில்லன்னு நின்னீங்க? ஒருக்காவாச்சும் வாயால சொல்லுங்களேன்."

"நாகலெட்சுமி," என்றான் அவன்.

"ம்... எனக்கும் அன்னையிலருந்துதாங்க," என்றாள் அவள்.