கதவை விடப் பெரிய கட்டில்

தச்சன் கருவிப் பையைச் சுமந்துகொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தபோது காலை மணி பதினொன்று. மாப்பிள்ளை கொடுத்தனுப்பிய சாவியால் கதவைத் திறந்தான். தங்கை வீடு வழக்கம்போலத்தான் இருந்தது. சோபாவில் ஒரு துண்டு, மேசையில் பாதி குடித்த தண்ணீர், ஐந்து நாளாக யாரும் புழங்காததால் வந்த ஒரு மக்கிய வாசம்.

ஐந்து நாளைக்கு முன்னால் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே மூச்சு இல்லை. மாப்பிள்ளை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துணியில் சுற்றி நர்ஸ் நீட்டியதை வாங்கிக்கொள்ளத் தாய்மாமனான இவனைத் தவிர ஆள் இல்லை. வாங்கியவன் தன் சுட்டுவிரலை அந்தக் குட்டிக் கைக்குள் வைத்துப் பார்த்தான். எல்லாக் குழந்தையும் பிடிக்குமே. இந்தக் கை மூடவில்லை.

இன்றைக்கு நாலு மணிக்கு தங்கை வீடு திரும்புகிறாள். நேற்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் வர்றப்ப அந்த ரூம்ல ஒரு துரும்பு கூட இருக்கக் கூடாதுண்ணா. பார்த்தேன்னா நான் பொழைக்க மாட்டேன்."

அவள் வாய்க்கு வந்ததைச் சொல்கிற ரகம் இல்லை. அதனால்தான் அவனுக்குப் பயமாக இருந்தது.

அறை சின்னது. பத்துக்கு எட்டு இருந்தால் அதிகம். பொண்ணு என்றால் ரோஸ் கலர்தானா என்று கடைக்காரனிடம் சண்டை போட்டு, வெளிர் மஞ்சள் வாங்கி அடித்திருந்தாள். சுவர் அலமாரியில் ஆறு கூடைகள். ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: தொப்பி, சாக்ஸ், துடைக்கும் துணி. சட்டைகளை மூன்று மாதம் வரை, ஆறு மாதம் வரை, ஒரு வயது வரை என்று பிரித்துத் துவைத்து இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தாள். ஒரு வயது வரைக்கும் யோசித்து வைத்திருந்தாளே. எல்லாவற்றையும் அட்டைப்பெட்டிகளில் போட்டு, கீழே நின்ற தன் வண்டியில் ஏற்றினான்.

மிச்சம் இருந்தது அந்தக் குட்டிக் கட்டில்.

அதைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மருமகளுக்கு என்று தேக்கில், ஒரு இரும்பு ஆணி கூட இல்லாமல், மர ஆணியும் பசையுமாக இந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்து பத்து நாள் இழைத்துக் கட்டியது. எந்த மூலையிலும் பிள்ளைக்குக் கீறல் படக் கூடாது என்று சுவர், ஜன்னல், அலமாரி எல்லாவற்றையும் அளந்தவன் கதவை மட்டும் அளக்கவில்லை. கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, கட்டில் கதவுக்கு வெளியே போகாது. "இருபது வருஷத் தொழில்காரரு" என்று தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போகாட்டா என்ன, அவளும் இங்கதானே இருக்கப் போறா" என்று அவனும் சமாளித்தான்.

பிரிக்க முடியாது. அறுக்கத்தான் வேண்டும்.

மின்சார ரம்பத்தை எடுத்து வைத்துவிட்டு மெத்தையைத் தூக்கப் போனான். கடைப் பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றாமல் இருந்தது. உறையின் உள்பக்கம், தலைமாட்டில், ஒரு எலுமிச்சை அளவுக்கு ஆவி படிந்திருந்தது. துடைத்தான். போகவில்லை. உள்ளே அல்லவா இருக்கிறது.

பார்த்துக்கொண்டே நின்றான். ஆவி சுருங்கியது. மறுபடி விரிந்தது.

சுருங்கியது.

விரிந்தது.

பயம் வந்ததா என்றால், அது அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பதைப்பு. பிளாஸ்டிக்குக்குள் பிள்ளைக்கு மூச்சு முட்டுமே என்று இரண்டு கையாலும் உறையைக் கிழித்துப் போட்டான். அறையில் ஒரு வாசம் பரவியது. பவுடர் இல்லை, சோப்பு இல்லை. பச்சைப் பிள்ளையின் உச்சந்தலையில் மட்டும் வருகிற அந்த வெதுவெதுப்பான வாசம்.

மெத்தை காலியாகத்தான் இருந்தது.

ஜன்னலில் பட்டப்பகல் வெளிச்சம். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அவன் உடம்பு முழுக்கப் புல்லரித்திருந்தது. ஓடியிருக்கலாம். ஓடாமல், சுட்டுவிரலை மெத்தை மேல் நீட்டினான்.

ஏதோ ஒன்று அதைப் பிடித்துக்கொண்டது.

இறுக்கமாக. சூடாக.

தச்சன் கட்டில் சட்டத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதான். எவ்வளவு நேரம் என்று அவனுக்கே தெரியாது. செல்போன் அடித்துத்தான் நிமிர்ந்தான். மாப்பிள்ளை.

"மச்சான், டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. இன்னும் ஒரு மணி நேரத்துல கிளம்பிருவோம். முடிஞ்சுதா?"

"மாப்ள..." என்றான்.

பின்னால் தங்கையின் குரல் கேட்டது. "அந்தக் கட்டில எடுத்தாச்சான்னு கேளுங்க. அதை மட்டும் கேளுங்க."

"எடுத்துட்டு இருக்கேன்னு சொல்லுங்க" என்று வைத்துவிட்டான்.

உயிரோடு இருக்கிற தங்கைக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். விரலை விடாத மருமகள் ஒரு பக்கம். இரண்டு பேரில் யாரை ஏமாற்றுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் இரண்டு பேரையும் ஏமாற்றாத ஒரு காரியம் செய்தான். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனம். குனிந்து, வெறும் மெத்தை மேல், பிள்ளைக்கு அடியில் கொடுப்பதுபோல் கைகளைக் கொடுத்து, தூக்கினான்.

கனத்தது. அன்றைக்கு நர்ஸ் கொடுத்த அதே கனம். அன்றைக்கு இல்லாத சூடு.

இடது கை மடிப்பில் அதை வைத்துக்கொண்டான். சிணுங்கல் கேட்டது. ஆட்டினான். அடங்கியது. மின்சார ரம்பம் போட்டால் எழுந்துவிடுவாள் என்று பையிலிருந்து கை ரம்பத்தை எடுத்தான். கட்டிலை முழங்காலால் அழுத்திக்கொண்டு, ஒற்றைக் கையால், மெதுவாக அறுத்தான். தேக்குப் பொடி பறந்தபோது தோளைத் திருப்பி மறைத்துக்கொண்டான். பாதி அறுப்பதற்குள் முதுகு ஒடிந்தது. எட்டுத் துண்டுகள், மெத்தை ஒன்று, ஒன்பது நடை. கீழ்வீட்டு அம்மா படியில் பார்த்துவிட்டு, "கையில அடி பட்டுருச்சாப்பா? ஒத்தக் கையாலயே தூக்குற" என்றாள்.

"லேசாம்மா" என்றான்.

கூட்டி முடித்தபோது வாசலில் செருப்புச் சத்தம்.

மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு தங்கை வந்தாள். முகம் வெளுத்திருந்தது. நேராக அந்த அறைக்குள் போய் நாலு சுவரையும் பார்த்தாள். மஞ்சள் சுவரும் காலி அலமாரியும் வெறும் தரையும்தான். மெதுவாக ஒரு மூச்சு விட்டாள்.

"தேங்க்ஸ்ணா" என்றபடி திரும்பினாள்.

அவன் அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். இப்படியே கிளம்பிப் போய்விட வேண்டும், வண்டியில் ஏறிவிட வேண்டும், இவளுக்கு எதுவும் தெரியக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. கால் நகரவில்லை.

அப்போதுதான் பார்த்தான். அவள் ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் ஈரம் படர்ந்துகொண்டிருந்தது.

அவளும் குனிந்து பார்த்தாள். "மாத்திரை குடுத்தாங்களே" என்று முணுமுணுத்தாள். "வத்திருச்சுன்னு சொன்னாங்களே."

பிறகு நிமிர்ந்து அவனுடைய மடங்கிய இடது கையைப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. அவள் பார்வை மட்டும் அந்தக் கையை விட்டு அசையவில்லை.

"தலையத் தாங்கிப் பிடிண்ணா" என்றாள். "சரியுது பாரு."

மாப்பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா சொல்ற? வா, வந்து படு."

அவள் காதில் வாங்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டினாள். தச்சன் கொடுத்தான். கொடுத்த நொடியில் அவன் கை பஞ்சாக லேசானது. அவள் முழங்கைகள் பாரத்தில் தாழ்ந்தன.

வெறும் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

காலி அறை. நாலரை மணி வெயில்.

முதலில் ஒரு சின்ன சப்பல். அப்புறம் விழுங்கும் சத்தம். கொஞ்சம் நிற்கும், மூச்சு வாங்கும், மறுபடி விழுங்கும்.

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

தச்சன் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தான். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அவருக்கும் கேட்டுவிட்டது. சத்தம் வராமல் நடந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"பாப்பாவுக்குக் காத்து ஆகாது மச்சான்" என்றார்.