பட்டினி கிடந்த நாற்பது எலிகள்

"மேடம்... உடனே வாங்க! ஒண்ணு செத்துக் கிடக்கு!"

வெள்ளிக்கிழமை காலை. போனில் டுவேன். பாஸ்டனில் ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனை எலிகளுக்கு மருந்து புகட்டுகிறவன்.

தர ஆய்வாளர் கொலீன் ஃபேஹி காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

கூண்டில் விறைத்துக் கிடந்தது முப்பத்தொன்றாம் நம்பர். அதிக டோஸ் வாங்கிய பத்து எலிகளில் ஒன்று.

திங்கட்கிழமை இதே மருந்தை எட்டு மனிதர்கள் விழுங்கப் போகிறார்கள்!

"ஒரு எலிக்கு இவ்வளவு ஒப்பாரியா?"

பின்னால் டாக்டர் ஆல்டன். மருந்தைக் கண்டுபிடித்தவர்.

"இவன் குழாயை மூச்சுக்குழல்ல விட்டிருப்பான். மருந்து மேல தப்பே இல்ல. ஆளை மாத்துங்க!"

"பொய்! மத்த ஒன்பதும் எளைச்சுக்கிட்டே வருது மேடம்..." டுவேனின் குரல் உடைந்தது. "திங்கட்கிழமை முதல் மாத்திரை என் தங்கச்சி இவெட்டுக்கு. காலேஜ் பீஸுக்காகப் பேர் குடுத்திருக்கா!"

கொலீனுக்குச் சுருக்கென்றது.

தங்கையைக் காப்பாற்ற இவனே எலியைக் கொன்றிருந்தால்...?

"எளைச்சுதாம்! எடைப் பதிவேட்டைப் பாருங்க!" ஆல்டன் சிரித்தார்.

புரட்டினாள். நேற்றைய பக்கத்தில் விரல் நின்றது.

"டுவேன்... நேத்து காலைல ரத்தம் எடுத்தாங்களே, அதுக்காக முந்தின ராத்திரி பட்டினி போடணுமே, கூண்டுலருந்து தீனியை எடுத்துட்டியா?"

"எடுத்தேன் மேடம்!"

"நம்ப மாட்டேன். மறந்திருப்ப. அப்போ ரத்த ரிசல்ட் செல்லாது. சோதனையை முதல்லருந்து..."

"ஐயையோ, வேண்டாம்!" ஆல்டன் பதறினார். முதலிலிருந்து என்றால் மூன்று மாதம்! "நாப்பது எலியும் சுத்தப் பட்டினி. காலைல நானே பார்த்தேன். எடை போட்டு எழுதினதும் நான்தான்!"

"சத்தியமா?"

"சத்தியமா!"

கொலீன் முப்பத்திரண்டாம் நம்பரைத் தூக்கித் தராசில் வைத்தாள்.

பதிவேட்டில், முந்நூற்றுப் பத்து கிராம்.

தராசில்... இருநூற்று முப்பது!

ஆல்டனின் முகம் வெளுத்தது. டுவேன் அப்படியே தரையில் உட்கார்ந்து விசும்பினான்.

"தங்கச்சிக்குப் போன் பண்ணு டுவேன். திங்கட்கிழமை யாரும் எதையும் முழுங்கப் போறதில்ல."

பிறகு ஆல்டனிடம் திரும்பினாள்.

"ராத்திரி பூரா பட்டினி கிடந்தா எலி எடை குறையணும். உங்க பதிவேட்டுல முந்தின நாளைவிட நாப்பதும் கூடியிருக்கு! உங்க பேனா மையைத்தான் தின்னுச்சா, டாக்டர்?"