கொடிக்குப் பின்னால்

பெடலை மிதிக்கும்போது சைக்கிள் சத்தம் போடாது. மிதிப்பதை நிறுத்தினால்தான் பின்சக்கரத்தில் டிக் டிக் என்று கேட்கும். பதினோரு வருடமாக சைக்கிளைப் பிரித்து மாட்டுகிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது அவள் மிதித்துக்கொண்டிருந்தாள். முன்னால் போகிற நீலத்தொப்பி அம்மாளும் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் டிக் டிக் என்று கேட்டது, பின்னாலிருந்து.

பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அவள்தான் கடைசி.

தீவைச் சுற்றி ஒரே ரோடு, இருபத்துநாலு கிலோமீட்டர். காலைப் படகில் வருகிறவர்களுக்கு அண்ணன் வாடகைக்கு சைக்கிள் கொடுத்து, தானே முன்னால் வழிகாட்டிக்கொண்டு போவான். தங்கை கடைசியில் வருவாள். அதனால் படகுத்துறையில் எல்லாருக்கும் அவள் 'வால்'. அவளுடைய சைக்கிளின் பின்னால் ஆளுயரக் கம்பியில் ஓர் ஆரஞ்சுக் கொடி இருக்கும். கொடிக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது, கொடியும் யாரையும் முந்தக் கூடாது. இதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட சட்டம். இதை நம்பிக்கொண்டு அண்ணன் எந்த இடத்திலும் ஆட்களை எண்ண மாட்டான். மகாராஜா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கிற உள்ளங்கையளவு கண்ணாடியில் கொடி தெரிந்தால் இரண்டு விசில். அவ்வளவுதான், கிளம்பிவிடுவான்.

"எண்ணுண்ணே. மொத்தமே எட்டுப் பேர்தான். எட்டு வரைக்கும்கூட உனக்கு எண்ணத் தெரியாதா?" என்று இன்று காலை ஷெட்டில் கேட்டாள்.

"கொடி வந்துட்டா எல்லாரும் வந்தாச்சு. காலங்காத்தால ஏன் உயிரை வாங்குறே?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட, வரிசையின் கடைசியில் நின்ற சைக்கிளைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. ஒன்பதாம் நம்பர். பச்சை பெயிண்ட் அடித்து, நம்பரை மறைத்து, ஒன்றுமே நடக்காத மாதிரி நிறுத்தியிருந்தான். பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. அவள் அதைத் தரதரவென்று இழுத்துப் போய்த் தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

"அதை யாருக்காவது கொடுத்தே, கையை ஒடிச்சிடுவேன். இன்னைக்கு அந்தப் பெரியவரோட பொண்ணு வருது. அஞ்சரைப் படகுக்குள்ள நான் எல்லாத்தையும் சொல்லிடப்போறேன்."

"சொல்லு. சொல்லிட்டு ஷெட்டை இழுத்து மூடு. நல்லா இருப்பே."

பத்தொன்பது நாள் ஆகிறது. தனியாக வந்திருந்தார், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர். அவருக்குக் கொடுத்தது ஒன்பதாம் நம்பர். வாழ்நாள் முழுக்க சைக்கிளில் போனவர். முழங்காலில் தைலம் தடவியிருந்தார், அந்த வாசனை பத்தடி தூரத்துக்கு அடித்தது. "சீட்டு உயரமா இருக்கும்மா, காலு தரைக்கு எட்டல" என்று மூன்று தடவை கேட்டார். ஸ்பானர் அவளுடைய பையிலேயேதான் இருந்தது. இரண்டு நிமிட வேலை. ஆனால் மனுஷன் வழியில் நாலு இடத்தில் நின்று நின்று அவளை வெறுப்பேற்றியிருந்தார். லைட்ஹவுஸ் வளைவில் ஐந்தாவது தடவையாக, "ஒரு நிமிஷம் இரும்மா" என்றார்.

"ஒரே ரோடுதான் பெரியவரே. தொலைஞ்சுபோக வழியே இல்ல. மெதுவா வாங்க."

சொல்லிவிட்டு அவரை முந்திக்கொண்டு வந்துவிட்டாள், கொடியோடு. இறக்கத்தின் அடியில் காத்திருந்த அண்ணன் கண்ணாடியில் கொடியைப் பார்த்தான். இரண்டு விசில்.

மறுநாள் காலையில்தான் வளைவுச் சுவருக்குக் கீழே பாறையிடுக்கில் அவரைக் கண்டுபிடித்தார்கள். கை சைக்கிள் மணியின் மேலேயே இருந்ததாம். "ராத்திரி முழுக்க மணி அடிச்சிட்டே இருந்துச்சு. யாரோ விளையாடுறாங்கன்னு ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்துட்டேன்" என்றான் லைட்ஹவுஸ் காவலாளி. போலீஸ் கேட்டபோது, "சொல் பேச்சுக் கேக்காம தனியாப் போயிட்டாருங்க" என்று அண்ணன் வாய் கூசாமல் சொன்னான். பக்கத்தில் நின்ற அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைக்கும்போதெல்லாம் தன்னையே நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது.

இப்போது மணி நாலே முக்கால். மழை பெய்து ஓய்ந்திருந்தது. தாரிலிருந்து எழுந்த வெக்கையும், ரோட்டோரம் அழுகிக் கிடந்த இலைகளின் இனிப்பான நாற்றமும், கீழே அலை பாறையில் வந்து அறைந்துவிட்டுக் கூழாங்கற்களை இழுத்துக்கொண்டு திரும்புகிற சத்தமும், நீலத்தொப்பி அம்மாளின் சைக்கிள் செயின் ஒவ்வொரு மிதிக்கும் முனகுவதும் எல்லாம் அவளுக்குப் பழகியவைதான். அவற்றுக்கு நடுவில், சீராக, அவசரமே இல்லாமல், டிக் டிக் டிக்.

திரும்பிப் பார்த்தாள். ஈர ரோடு, மேகத்தின் வெளிச்சம் அதில் மங்கலாகப் படிந்திருந்தது. வேறு ஒன்றுமில்லை.

தன் சக்கரத்தில்தான் ஏதாவது கோளாறோ என்று சோதிக்க, மிதிப்பதை நிறுத்தினாள். அவளுடைய சக்கரம் டிக் டிக் என்றது. பின்னாலிருந்த சத்தம் நின்றது.

அப்படியென்றால் இப்போது அது மிதிக்கிறது.

அவள் எழுந்து நின்று அழுத்தி மிதித்தாள். தொடை எரிந்தது. லைட்ஹவுஸ் வளைவு எதிரே வந்தது. முழங்கால் உயரத்துக்குத்தான் சுவர். அதை உயர்த்திக் கட்டு என்று எத்தனை தடவை மனு கொடுத்தாலும் எவன் காதிலும் ஏறவில்லை. நீலத்தொப்பி அம்மாள் வளைவில் திரும்பி மறைந்தாள். அந்த நேரத்தில்தான் தைல வாசனை வந்தது.

பயம் வரவில்லை. முதலில் வந்தது கோபம்தான். அடிவயிற்றிலிருந்து, பத்தொன்பது நாள் சேர்த்து வைத்த கோபம். பிரேக்கைப் பிடித்தாள். இறங்கினாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வெறும் ரோட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"என்னை ஏன்யா துரத்துறே? எண்ணாதவன் முன்னாடி போறான், அவனைப் போய்ப் பிடி! இன்னைக்கு உன் பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொல்றேன்னுதானே இருக்கேன்! இப்பப் போய் வழியை மறிச்சா எப்படி?"

குரல் பாறையில் பட்டுத் திரும்பியது. ஒரு பறவைகூட எழும்பவில்லை.

பிறகு, முதுகுக்குப் பின்னால், சுவர்ப் பக்கமிருந்து, அவளுடைய சைக்கிளின் ஸ்டாண்டு தட்டப்படுவது போல ஒரு சின்ன உலோகச் சத்தம்.

திரும்பினாள். சைக்கிள் சாய்த்த இடத்திலேயே சாய்ந்திருந்தது. யாரும் இல்லை. கண்களில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றதால் எதுவும் சரியாகத் தெரியவில்லை. போய்விட வேண்டும். சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். கைப்பிடியைப் பற்றி, சுவரோரமாகவே நிமிர்த்தி, ஏறி உட்கார்ந்தாள்.

கால் தரைக்கு எட்டவில்லை.

கட்டைவிரல் நுனி தாரைத் தேடியது. இல்லை. சைக்கிள் மெல்ல, மிக மெல்ல, சுவர்ப் பக்கம் சாய்ந்தது.

"சீட்டு உயரமா இருக்கும்மா."

காதருகில். மூச்சின் சூடு தெரியுமளவுக்கு அருகில்.

கையை நீட்டினாள். சுவரின் விளிம்பு. ஈரப்பாசி. வழுக்கியது.

கண் திறந்தபோது மேலே ஒரு துண்டு வானம் இருந்தது. வலது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சைக்கிள் அவள் மேல் கிடந்தது. அதைத் தள்ளிய கையில் ஏதோ பிசுபிசுத்தது. பச்சை. உரிந்த பெயிண்டுக்கு அடியில் வெள்ளையாக ஓர் ஒன்பது. பாக்கெட்டைத் தடவினாள். சாவி பத்திரமாக இருந்தது.

போன், ஸ்பானர், எல்லாம் அவளுடைய சைக்கிள் பையில்.

மேலே டிக் டிக் என்று கேட்டது.

சுவருக்கு மேலே கொடியின் நுனி மட்டும் தெரிந்தது. ஆரஞ்சு நிறம். அது ஒரு நிமிடம் அங்கேயே நின்றது. யாரோ மூச்சு வாங்கிக்கொள்வதற்காக நிற்பது போல. பிறகு நகர்ந்தது. சுவரின் நீளத்துக்கு, நிதானமாக, வாழ்நாள் முழுக்க சைக்கிள் ஓட்டியவரின் கை துளிக்கூட ஆடாமல், படகுத்துறையை நோக்கி இறங்கியது. அங்கே மகள் காத்துக்கொண்டிருப்பாள்.

"அண்ணே!" என்று அலறினாள். "திரும்பிப் பாருண்ணே! எண்ணு! எண்ணித் தொலைடா!"

அலை வந்து அறைந்தது. கூழாங்கற்களை இழுத்துக்கொண்டு போனது.

இறக்கத்தின் அடியிலிருந்து விசில் கேட்டது. ஒன்று.

இரண்டு.

அவள் கை தானாகவே மணியைத் தேடிப் பிடித்தது. அடித்தாள். விடாமல் அடித்தாள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. தூரத்தில் அஞ்சரைப் படகின் ஹாரன் நீளமாக ஒலித்து அடங்கியது. அவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.

மேலே லைட்ஹவுஸில் காவலாளியின் ஜன்னலில் விளக்கு எரிந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஒரு கை வெளியே நீண்டு, கதவைப் பிடித்து இழுத்து, ஜன்னலைச் சாத்தியது.